முதல் முறையா இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் கான்ஃபரன்ஸ் நடத்துறோம், எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

முதல்_மாநாடு எழுதியது:

வணக்கம். நாங்க வேற வேற டிபார்ட்மென்ட்ல படிக்கிற ஸ்டூடண்ட்ஸ் சேர்ந்து ஒரு இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் கான்ஃபரன்ஸ் நடத்தப் போறோம். தண்ணீர், பருவநிலை, இதுல மாணவர்கள் பண்ற ஆராய்ச்சி, இதான் தலைப்பு. நாலு நாள், 150 பேர் வரைக்கும் எதிர்பார்க்கிறோம், அதுல பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து வரணும்னு ஆசை. யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாருமே வாலன்டியர்ஸ்தான், வயசு 18ல இருந்து 23க்குள்ள. காலேஜ்ல ஹால் தர்றோம்னு எழுத்துல குடுத்துட்டாங்க, லீவு நேரம்ங்கிறதால ஹாஸ்டல் ரூமும் கிடைக்கும். தேதி இன்னும் உறுதி பண்ணல, ஆனா ஒன்பது மாசம் கழிச்சு வைக்கலாம்னு நினைப்பு.

ஆர்வம் நிறைய இருக்கு ஆனா எதை முதல்ல செய்யணும்னே தெரியல. மீட்டிங் போட்டா லோகோ எப்படி இருக்கணும் இன்ஸ்டாகிராம் பேஜ்ல என்ன போடணும்னு ரெண்டு மணி நேரம் போயிடுது, இன்விடேஷன் லெட்டர் யார் எழுதுறது, ஸ்பான்சர்கிட்ட யார் பேசுறதுன்னு வந்தா எல்லாரும் அமைதி ஆயிடுறாங்க. ஆரம்பத்துல இருந்தவங்கள்ல பாதிப் பேர் இப்போ குரூப்ல பதிலே போடறதில்ல. இதுக்கு நடுவுல ஒரு பேராசிரியர் "சின்னப் பசங்களால இது முடியாது, ஒரு ஈவென்ட் கம்பெனிகிட்ட குடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டார், அதுல இருந்து நிறைய பேருக்கு மனசு சோர்ந்து போச்சு. எங்களுக்கு இது நிஜமாவே வேணும், எங்க வயசுல வேற நாட்டுல ஒருத்தர் இதே பிரச்சனைய எப்படிப் பார்க்கிறாங்கன்னு நேர்ல உட்கார்ந்து பேசணும். இதுல அனுபவம் உள்ளவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, முதல்ல எது? விசா லெட்டர் எப்படி? பணம் எப்படி? வாலன்டியர்ஸ எப்படிக் கடைசி வரைக்கும் கூட வச்சுக்கிறது?

எல்லைதாண்டி எழுதியது:

நான் மாணவர் மாநாடுகள்ல விசா டெஸ்க் மட்டுமே பார்த்தவன், அதனால அதைப் பத்தி மட்டும் விரிவா சொல்றேன்.

முதல்ல தேதி. தேதிய உங்க ஹால் எப்போ கிடைக்கும்னு பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க, வரப்போற ஆள்கள்ல யாருக்கு விசா கிடைக்க ரொம்ப நாள் ஆகுமோ அவங்கள மனசுல வச்சு பின்னாடி இருந்து எண்ணிட்டு வாங்க. ஷெங்கன் விசாவ (ஐரோப்பாவுல பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) உதாரணமா எடுத்துக்கலாம், ஏன்னா அதோட விதி எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதி வச்சிருக்காங்க. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடி இருந்து அப்ளை பண்ணலாம், கடைசியா 15 நாள் முன்னாடி குடுத்திருக்கணும். முடிவு சொல்ல சாதாரணமா 15 நாள், சில கேஸ்ல 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். இது போக அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில ஊர்கள்ல வாரக்கணக்கா ஆகும். சில மாணவர்களோட நாட்டுல நீங்க நடத்துற நாட்டோட தூதரகமே இருக்காது, பக்கத்து நாட்டுக்குப் போய் அப்ளை பண்ணிட்டு வரணும், அதுக்கே அவங்களுக்கு ஒரு விசாவும் பஸ் டிக்கெட்டும் தங்குற செலவும் ஆகும். இதெல்லாம் கூட்டிப் பார்த்தா மாநாட்டுக்கு நாலு மாசம் முன்னாடி விசாவுக்கான இன்விடேஷன் லெட்டர் அவங்க கையில இருக்கணும். அப்போ யார் யார் வர்றாங்கன்னு அஞ்சு மாசம் முன்னாடி தேர்வு முடிஞ்சிருக்கணும். அப்போ அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்பக் கடைசி தேதி ஆறரை மாசம் முன்னாடி. அதாவது உங்ககிட்ட இருக்கிற ஒன்பது மாசத்துல விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு போட இப்போதான் சரியான நேரம், லோகோ ரெடி ஆகலன்னாலும் பரவாயில்ல, அறிவிப்பு வெளிய போகட்டும்.

இன்னொன்னு, சில நாடுகள்ல வெளிநாட்டவர் கலந்துக்கிற மாநாடுன்னா நடத்துறவங்களே முதல்ல அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கணும், அந்த அனுமதி எண் லெட்டர்ல இருந்தாத்தான் டெலிகேட்டுக்கு மாநாட்டு விசா கிடைக்கும். உங்க காலேஜ்ல வெளிநாட்டு மாணவர் விவகாரம் பார்க்கிற ஆபீஸ் இருந்தா நாளைக்கே போய் இதைக் கேளுங்க. இது தெரியாம ரெஜிஸ்ட்ரேஷன் திறந்துட்டா அப்புறம் எவ்வளவு ஓடினாலும் பிடிக்க முடியாது.

லெட்டர்ல என்ன இருக்கணும்? பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே பேரு (ஒரு எழுத்து கூட மாறக்கூடாது), பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், எந்த நாட்டுக் குடிமகன், மாநாட்டோட பேரு தேதி இடம், அவங்க அங்க என்ன பண்ணப் போறாங்க, எங்க தங்குவாங்க, எந்தச் செலவ யார் ஏத்துக்கிறாங்க. கடைசி விஷயத்துல ரொம்ப கவனம், "எல்லா உதவியும் செய்வோம்"னு பொதுவா எழுதினா விசா ஆபீசர் அதை வச்சு ஒன்னும் பண்ண முடியாது, "தங்குமிடமும் சாப்பாடும் நாங்க, விமான டிக்கெட்டும் இன்சூரன்சும் அவரோட செலவு"ன்னு தெளிவா எழுதுங்க. ஸ்டூடண்ட் கிளப் பேர்ல லெட்டர் அனுப்பினா மதிப்பு கம்மி, காலேஜ் லெட்டர்ஹெட்ல டீன் அல்லது ரிஜிஸ்ட்ரார் மாதிரி பொறுப்புல இருக்கிற ஒருத்தர் கையெழுத்து வேணும். அதுல போடற போன் நம்பர யாராவது எடுக்கணும். தூதரகத்துல இருந்து நிஜமாவே கூப்பிட்டுக் கேட்பாங்க, எடுக்க ஆள் இல்லாம ஒருத்தரோட பயணம் நின்னு போகக் கூடாது.

ஃபார்ம் டிசைன் பண்றவங்ககிட்ட சொல்லி வையுங்க, பேர் எழுதுற இடத்துல குடும்பப் பேர கட்டாயம் ஆக்காதீங்க. பாஸ்போர்ட்ல ஒரே பேர் இருக்கிறவங்க உலகத்துல நிறைய பேர், நம்ம ஆட்கள்லயும் உண்டு இந்தோனேசியாவுலயும் உண்டு. கட்டாயம்னு வச்சா அவங்க எதையாவது போட்டு நிரப்புவாங்க, அது லெட்டர்ல வந்து பாஸ்போர்ட்டோட ஒத்துப் போகாம சிக்கல் ஆகும்.

லெட்டருக்காக மட்டுமே ரெஜிஸ்டர் பண்றவங்களும் வருவாங்க. அதுக்காக எல்லாரையும் சந்தேகமா பார்க்க வேண்டாம். அப்ஸ்ட்ராக்ட் ஏத்துக்கப்பட்டவங்களுக்கு மட்டும் லெட்டர், ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு எண், அந்தப் பட்டியல் காலேஜ் ஆபீஸ்ல ஒரு காப்பி, தூதரகம் கேட்டா அதே நாள் உறுதி பண்ணிக் குடுக்கிற மாதிரி வச்சுக்கங்க. அது போதும். பாஸ்போர்ட் காப்பிய வாட்ஸ்அப் குரூப்ல யாரும் போடக்கூடாது, அது ரெண்டு பேர் மட்டும் திறக்கிற ஃபோல்டர்ல இருக்கணும், மாநாடு முடிஞ்சதும் அழிச்சிடணும். முன்ன பின்ன தெரியாத உங்கள நம்பித்தான் அனுப்புறாங்க.

இதைப் படிக்கிற வேற யாராவது ஐரோப்பாவுல நடக்கிற நிகழ்ச்சிக்குப் போறதா இருந்தா அவங்களுக்காக ஒன்னு: லாப நோக்கமில்லாத அமைப்போட பிரதிநிதியா, இன்னொரு லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துற கருத்தரங்கு, மாநாடு, கலாச்சார அல்லது கல்வி நிகழ்ச்சிக்குப் போற 25 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு ஷெங்கன் விசா கட்டணம் கிடையாது, விசா சட்டத்துலயே இருக்கு. விண்ணப்ப மையத்தோட சர்வீஸ் கட்டணம் தனி, அதைக் கட்ட வேண்டி வரலாம். ரெண்டு அமைப்புமே லாப நோக்கமில்லாததுன்னு லெட்டர்ல எழுதியிருந்தா கேட்கிறதுக்கு ஒரு ஆதாரம். இது தெரியாமயே நிறைய மாணவர்கள் கட்டிட்டு இருக்காங்க.

கணக்குப்புத்தகம் எழுதியது:

மேல சொன்னது எல்லாம் சரி. நான் பணம் பத்தி.

ரெண்டு பட்ஜெட் போடுங்க. ஒன்னு கையில உறுதியா இருக்கிற பணத்துக்கு மட்டும், இன்னொன்னு ஸ்பான்சர் வந்தா என்ன பண்ணலாம்னு. யாருக்காவது வாக்கு குடுக்கிறதா இருந்தா முதல் பட்ஜெட்ட வச்சு மட்டும் குடுங்க. ஸ்பான்சர்கள் தர்றேன்னு சொல்ற பணம் பெரும்பாலும் நிகழ்ச்சி முடிஞ்ச பிறகுதான் கைக்கு வரும், ஆனா கேட்டரிங்காரருக்கும் பஸ்சுக்கும் முன்பணம் நீங்கதான் கட்டணும், இந்த இடைவெளிலதான் மாணவர் குழுக்கள் மாட்டுது. ஸ்பான்சர்கிட்ட பணமாத்தான் கேட்கணும்னு இல்ல, பிரின்டிங், பேட்ஜ், இன்டர்நெட், பஸ் இதெல்லாம் பொருளாவும் சேவையாவும் கேட்டா சீக்கிரம் சரி சொல்வாங்க. எதிர்பாராத செலவுக்கு மொத்தத்துல ஒரு பத்து சதவீதம் தொடாம ஒதுக்கி வையுங்க.

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் எல்லாருக்கும் ஒரே தொகை வைக்காதீங்க. உலக வங்கி நாடுகள வருமானப்படி நாலு பிரிவா பிரிச்சு வச்சிருக்கு, அந்தப் பட்டியல அப்படியே எடுத்து பிரிவுக்கு ஒரு கட்டணம்னு வச்சா யாரும் ஏன் எனக்கு இவ்வளவுன்னு சண்டை போட மாட்டாங்க. பணம் எந்த வாலன்டியரோட சொந்த அக்கவுன்ட்டுக்கும் வரக் கூடாது, எவ்வளவு நல்ல ஆளா இருந்தாலும் சரி. காலேஜ் அக்கவுன்ட்டுக்கு வரட்டும், வெளிநாட்டுப் பணம் வாங்க ஏதாவது அனுமதி வேணுமான்னு அக்கவுன்ட்ஸ் ஆபீஸ்ல முன்கூட்டியே கேளுங்க. வெளிநாட்டுல இருந்து பேங்க் மூலமா அனுப்பும்போது கமிஷன் யார் கட்டுறதுன்னு மூணு விதம் இருக்கு, அனுப்புறவர் மட்டும், அவங்கவங்க பேங்க் கமிஷன அவங்கவங்களே, வாங்குறவர் மட்டும். இதைச் சொல்லாம விட்டா நடுவுல இருக்கிற பேங்க் பிடிச்சது போக குறைஞ்ச தொகைதான் வரும், அப்புறம் அந்த மாணவருக்கு "பாக்கி இருக்கு"ன்னு மெயில் போடணும், ரெண்டு பக்கமும் சங்கடம். சில நாடுகள்ல மாணவர்கள் கார்டுல வெளிநாட்டுக்குப் பணம் கட்டவே முடியாது, அவங்களுக்கு வந்து நேர்ல கட்டுற வசதி வையுங்க.

விசா மறுக்கப்பட்டவங்களுக்கு முழுப் பணமும் திருப்பிக் குடுக்கணும். இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன். மறுப்புக் கடிதத்த காட்டினா போதும், பிராசஸிங் ஃபீஸ்னு எதையும் பிடிக்காதீங்க. ஏற்கனவே விசாவுக்குக் கட்டின பணம் போச்சு, மனசும் உடைஞ்சிருக்கும்.

டிராவல் கிராண்ட் குடுக்கிறதா இருந்தா "நீங்க டிக்கெட் எடுத்துட்டு வாங்க, முடிஞ்சதும் பணம் தர்றோம்"னு வைக்காதீங்க. முன்னாடியே டிக்கெட் எடுக்கப் பணம் இருக்கிறவருக்குத்தான் அது உதவும், நிஜமா தேவைப்படுறவர் அப்ளையே பண்ண மாட்டார். நேரா நீங்களே டிக்கெட் போட்டுக் குடுங்க, விசா வந்த பிறகு. பத்து பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கிறத விட மூணு பேருக்கு முழுசா குடுக்கிறது நல்லது, ஏன்னா பாதி டிக்கெட்ட வச்சு யாரும் பாதி தூரம் வர முடியாதே.

திரைவழி எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஆன்லைன்லயே வச்சுடலாமே? 2020ல கொரோனா வந்தப்போ உலகம் பூரா மாநாடுகள் ஆன்லைனுக்குப் போச்சு, அப்போ விசா கிடைக்காத நாட்டு மாணவர்கள் எல்லாம் முதல் தடவையா உள்ள வந்தாங்க, அது உண்மை. பருவநிலை பத்தி பேச விமானத்துல பறந்து வர்றதும் யோசிக்க வேண்டிய விஷயம். குறைஞ்சது ஹைப்ரிடா, அதாவது நேர்லயும் ஆன்லைன்லயும் சேர்த்துப் பண்ணுங்க.

எல்லைதாண்டி எழுதியது:

நீங்க சொல்ற ரெண்டு காரணமும் நியாயம், குறிப்பா விமானப் பயணம் பத்தி சொன்னது. ஆனா முழு ஹைப்ரிட்னா ரெண்டு மாநாடு நடத்துற வேலை, ஒவ்வொரு ஹாலுக்கும் கேமரா, மைக், ஆன்லைன் கேள்விய படிக்க ஒரு ஆள், நெட் போனா சரி பண்ண ஒரு ஆள். முதல் தடவை நடத்துற சின்ன குழுவுக்கு அது தாங்காது, கடைசில ஆன்லைன்ல இருக்கிறவங்க சத்தம் இல்லாத வீடியோவ பார்த்துட்டு இருப்பாங்க.

என்னோட யோசனை, விசா கிடைக்காதவங்களுக்கும் பணம் இல்லாம வர முடியாதவங்களுக்கும் ஒரு தனி செஷன் வையுங்க. அவங்க பேச்ச முன்னாடியே ரெக்கார்டு பண்ணி அனுப்பட்டும், அதை ஹால்ல எல்லாரும் உட்கார்ந்து பார்க்கணும், முடிஞ்சதும் அவங்க லைவா வந்து கேள்விக்கு பதில் சொல்லட்டும். ஒரே ஹால், ஒரே கேமரா, அதுக்கு மட்டும் நல்லா டெஸ்ட் பண்ணின இணைப்பு. அந்த நேரத்துல பக்கத்துல வேற எந்த செஷனும் வைக்காதீங்க, அப்போதான் கூட்டம் இருக்கும். வராதவங்களுக்கு ஒப்புக்கு ஒரு லிங்க் அனுப்பிட்டு விட்டுடறது சரி இல்ல.

முதல்_மாநாடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இதை எல்லாம் பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன். அரசாங்க அனுமதி விஷயம் எங்க யாருக்குமே தெரியாது, காலேஜ் ஆபீஸ்ல நாளைக்குக் கேட்கிறேன். வாலன்டியர்ஸ் பத்தி யாராவது சொல்லுங்களேன், அதுதான் இப்போ பெரிய கவலை. அந்தப் பேராசிரியர் சொன்னதுக்கு என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல.

கூடிச்செய்வோம் எழுதியது:

பேராசிரியருக்கு பதில் முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது உங்க குழுவுக்கும் தேவையான பதில். இயற்பியல் படிக்கிற மாணவர்களுக்குன்னு ஒரு சர்வதேச மாநாடு இருக்கு, 1986ல ஹங்கேரியில புடாபெஸ்ட்ல மாணவர்களே ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் 1987ல அதுல இருந்து சர்வதேச இயற்பியல் மாணவர் சங்கமே உருவாச்சு. இப்பவும் அது நாடு மாறி மாறி நடக்குது, நடத்துறது மாணவர்கள்தான். நார்வேயில ட்ரோன்ட்ஹெய்ம்னு ஒரு ஊர்ல 1990ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சர்வதேச மாணவர் விழா நடக்குது, உலகம் பூரா இருந்து நூத்துக்கணக்கான மாணவர்கள் வர்றாங்க, அதையும் நடத்துறது மாணவ வாலன்டியர்ஸ்தான். வர்றவங்க ஹோட்டல்ல தங்குறதில்ல, அந்த ஊர்க்காரங்க தங்களோட வீட்லயே தங்க வச்சுக்கிறாங்க, உங்களுக்கும் ரூம் பத்தலன்னா இது ஒரு வழி. மருத்துவ மாணவர்களோட உலகக் கூட்டமைப்பு 1951ல கோபன்ஹேகன்ல ஆரம்பிச்சது, மருந்தியல் மாணவர்களோடது 1949ல லண்டன்ல, இமெயில் கூட இல்லாத காலம் அது. அதனால வயசு ஒரு தடையே இல்ல. பேராசிரியர்கிட்ட வாதம் பண்ணாதீங்க, ஒரு பக்கத்துல திட்டம் எழுதி, எந்த வேலை யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்ள முடியும், அவர்கிட்ட இருந்து என்ன உதவி வேணும்னு போட்டு நேர்ல குடுங்க. சந்தேகம் சொல்றவர் பல நேரம் அக்கறையிலதான் சொல்றார், வேலை நடக்கிறத பார்த்தா அவரே டீன்கிட்ட கையெழுத்து வாங்கித் தர்ற ஆளா மாறுவார்.

இப்போ வாலன்டியர்ஸ். பேசாம போனவங்கள சோம்பேறின்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு பெரிய குரூப்ல "யாராவது ஸ்பான்சர பாருங்க"ன்னு போட்டா அது யாரோட வேலையும் இல்ல. அதே விஷயத்த ஒருத்தர்கிட்ட தனியா போய் "இந்த அஞ்சு இடத்துக்கு இந்த லெட்டர வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா, சந்தேகம் வந்தா என்னைக் கேளு"ன்னு சொன்னா முக்கால்வாசிப் பேர் செய்வாங்க. வேலைக்கு ஒரு ஆரம்பமும் ஒரு முடிவும் இருக்கணும். யாரை நம்பி குடுக்கலாம்னு தெரியாத ஆரம்பத்துல சின்ன சின்ன வேலையா குடுங்க, எது யாருக்கு வருதுன்னு ரெண்டு மூணு வாரத்துல தெரிஞ்சிடும். மீட்டிங்ல வாயே திறக்காத ஒரு பொண்ணு டெலிகேட்டுக்கு எழுதுற மெயில் அவ்வளவு தெளிவா அன்பா இருக்கும், மீட்டிங்ல நல்லா பேசுறவர் ஒரு மெயிலுக்கு பத்து நாள் எடுத்துப்பார், ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு ஆனா அதே இடம் இல்ல.

விசா, பணம், நிகழ்ச்சி, தங்குமிடம் போக்குவரத்து, தகவல் தொடர்பு, இப்படி அஞ்சாறு பொறுப்பு போதும். ஒவ்வொன்னுக்கும் ஒரு ஆள், அவருக்கு ஒரு துணை. துணை கட்டாயம், ஏன்னா எக்ஸாம் வரும், காய்ச்சல் வரும், வீட்ல ஏதாவது நடக்கும், அந்த ஒருத்தர்கிட்ட மட்டும் பாஸ்வேர்டு இருந்தா எல்லாம் நின்னுடும். மெயில் ஐடி எல்லாம் பொறுப்போட பேர்ல இருக்கட்டும், தனி ஆள் பேர்ல வேண்டாம். திட்டம் போடும்போது முதல்ல உங்க எல்லாரோட எக்ஸாம் தேதிய காலண்டர்ல குறிங்க, அந்த வாரங்கள்ல எந்த டெட்லைனும் வைக்காதீங்க. மாணவ வாலன்டியர்ஸ் காணாம போறது பெரும்பாலும் அந்த வாரங்கள்லதான், திரும்பி வரும்போது நிறைய வேலை தவறிப் போயிருக்கும், வெட்கப்பட்டு அப்படியே விலகிடுவாங்க. அப்படி விலகினவங்க ஒருத்தர் ஒருத்தரா போய் பாருங்க, "ஏன் வரல"ன்னு கேட்காதீங்க, "இப்போ எவ்வளவு நேரம் தர முடியும்"னு கேளுங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம்னு சொன்னா அதுக்கு ஏத்த வேலை குடுங்க. முடியாதுன்னு சொன்னா நன்றி சொல்லி மரியாதையா விடுங்க, மாநாட்டு மலர்ல அவங்க பேரும் இருக்கட்டும்.

மீட்டிங் முக்கால் மணி நேரம் போதும். என்ன பேசப் போறோம்னு முதல் நாளே எழுதி அனுப்புங்க, எடுத்த முடிவ ஒரே டாக்குமென்ட்ல தேதியோட எழுதுங்க, அதுல இல்லாதது முடிவு இல்ல. வாட்ஸ்அப்ல பேசிக்கலாம், முடிவு மட்டும் அங்க எடுக்க வேண்டாம், மேல போயிட்டா யாராலயும் தேட முடியாது. லோகோ விஷயத்த ரெண்டு பேர்கிட்ட குடுத்து அவங்க சொல்றதுதான்னு விட்டுடுங்க.

நடத்தை விதி ஒன்னு எழுதி வையுங்க. யாராவது தப்பா நடந்துகிட்டா யார்கிட்ட சொல்லணும்னு ரெண்டு பேரோட பேரும் நம்பரும், ஒரு ஆண் ஒரு பெண், பேட்ஜுக்குப் பின்னாடி அச்சடிங்க. புது நாட்டுல முதல் தடவையா வந்திருக்கிற 19 வயசுப் பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு யாரைக் கூப்பிடணும்னு யோசிக்கக் கூடாது. அந்த ரெண்டு பேருக்கும் சொல்லி வையுங்க, முதல்ல முழுசா கேட்கணும், நடுவுல தீர்ப்பு சொல்லக் கூடாது, பெரிய விஷயமா இருந்தா காலேஜ்ல பொறுப்பானவங்ககிட்ட அன்னைக்கே கொண்டு போகணும்.

மாநாடு நடக்கிற நாலு நாளும் ஷிஃப்ட் போடுங்க. யாரும் நாலு நாளும் முழுசா வேலை பார்க்கக் கூடாது, தூக்கம் இல்லாத வாலன்டியர் எரிஞ்சு விழுவாங்க, அது டெலிகேட்டோட மனசுல நிக்கும். அதோட ஒவ்வொருத்தரும் குறைஞ்சது ரெண்டு செஷனாவது உட்கார்ந்து கேட்கிற மாதிரி பட்டியல் போடுங்க. நீங்களும் மாணவர்கள்தானே, வேற நாட்டு ஆட்களோட நேர்ல பேசணும்னுதானே இதை ஆரம்பிச்சீங்க, நாலு நாளும் தண்ணி பாட்டில் தூக்கிட்டே போயிட்டா எப்படி.

ஆய்வுமேசை எழுதியது:

அப்ஸ்ட்ராக்ட் பத்தி யாரும் சொல்லல, சுருக்கமா சொல்றேன். ஒவ்வொன்னையும் ரெண்டு பேர் படிக்கணும், படிக்கிறவங்களுக்கு எழுதினவரோட பேரும் காலேஜ் பேரும் தெரியக்கூடாது. உங்க காலேஜ் பிஎச்டி ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கேளுங்க, சந்தோஷமா செய்வாங்க. இங்கிலீஷ் நடைக்கு மார்க் போடாதீங்க, கேள்வி தெளிவா இருக்கா, செய்த முறை சரியா, அதை மட்டும் பாருங்க. நிராகரிக்கிறதா இருந்தாலும் ரெண்டு வரி காரணம் எழுதுங்க, நிறைய பேருக்கு அதுதான் வாழ்க்கைல வாங்குற முதல் விமர்சனமா இருக்கும். விண்ணப்பம் வாங்க சாஃப்ட்வேர் விலைக்கு வாங்க வேண்டாம், செர்ன் ஆராய்ச்சி மையத்துல உருவாக்கின இன்டிகோ இருக்கு, இலவசம், ஓப்பன் சோர்ஸ், சர்வர் பார்த்துக்க ஒரு ஆள் மட்டும் வேணும். இல்லன்னா ஒரு சாதாரண ஃபார்மும் ஸ்ப்ரெட்ஷீட்டும் 150 பேருக்குத் தாராளமா போதும்.

டெட்லைன "ராத்திரி 12 மணி"ன்னு போட்டா எந்த ஊர் ராத்திரின்னு மெயில் குவியும். உலகத்துல எந்த மூலையிலயாவது அந்தத் தேதி இருக்கிற வரைக்கும் அனுப்பலாம்னு ஒரு வழக்கம் இருக்கு, யூடிசியில (உலகம் பூரா பொதுவா வச்சிருக்கிற நேரம்) இருந்து 12 மணி நேரம் பின்னாடி இருக்கிற நேரம் அது, அதையே போடுங்க, யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆன்லைன் மீட்டிங்குக்கு யூடிசி நேரமும் சேர்த்துப் போடுங்க. மார்ச்லயும் அக்டோபர் நவம்பர்லயும் இன்னும் கவனமா இருங்க, அமெரிக்காவுல கடிகாரம் மாத்துறது மார்ச் ரெண்டாவது ஞாயிறு, ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு, திருப்பி வைக்கிறது ஐரோப்பாவுல அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயிறு. நடுவுல இருக்கிற நாட்கள்ல வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் மாறிடும்.

முதல்_மாநாடு எழுதியது:

நேத்து மீட்டிங் முக்கால் மணி நேரத்துல முடிஞ்சது. காலேஜ் ஆபீஸ்ல கேட்டோம், அனுமதிக்கு விண்ணப்பம் போடணும்னு சொன்னாங்க, ஃபார்ம் குடுத்திருக்காங்க, அதுக்கு ஆகுற நேரத்த சேர்த்து எண்ணினா ஒன்பது மாசம் பத்தாது, அதனால தேதிய ஆறு வாரம் தள்ளி வச்சுட்டோம். விலகி இருந்தவங்கள்ல நாலு பேர நேர்ல பார்த்தோம், மூணு பேர் திரும்ப வர்றாங்க, ஒருத்தர் தங்குமிடம் மட்டும் பார்க்கிறேன்னு சொல்லிருக்காங்க. பேராசிரியர்கிட்ட ஒரு பக்கத் திட்டம் குடுத்தோம், வாங்கிப் படிச்சிட்டு ரெண்டு இடத்துல பென்சில்ல திருத்தி குடுத்தார், விசா லெட்டருக்கு ஒரு மாதிரி எழுதிட்டு வாங்க பார்க்கிறேன்னார். குழுவுல எல்லாருக்கும் அது பெரிய தெம்பு.

கடைசியா ஒரே ஒரு கேள்வி, டெலிகேட்ஸ் வந்து இறங்குற நாள எப்படிச் சமாளிக்கிறது? அம்பது அறுபது பேர் வேற வேற நேரத்துல வருவாங்க.

கூடிச்செய்வோம் எழுதியது:

ரொம்ப சந்தோஷம். தேதிய தள்ளி வச்சது நல்ல முடிவு.

வந்து இறங்குறதுக்கு மூணு வாரம் முன்னாடி எல்லார்கிட்டயும் விமான எண்ணும் இறங்குற நேரமும் வாங்கி ஒரே ஷீட்ல நேர வரிசைல போடுங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு கூட்டமா சேர்த்து வண்டி பிரிங்க. இன்விடேஷன் லெட்டர பிரின்ட் எடுத்து கைப்பையில வச்சுக்கச் சொல்லுங்க, செக்இன் பண்ற பெட்டிக்குள்ள வேண்டாம், இமிக்ரேஷன்ல கேட்கிறது பெட்டி கைக்கு வர்றதுக்கு முன்னாடி. தங்குற இடத்தோட முழு முகவரி உள்ளூர் மொழியிலயும் எழுதின ஒரு பக்க பிடிஎஃப் அனுப்புங்க, இறங்கின உடனே போன்ல நெட் இருக்காது, அதனால முன்னாடியே டவுன்லோட் பண்ணச் சொல்லுங்க. 24 மணி நேரமும் ஒரே ஒரு போன் நம்பர், அது ஆளுக்கு ஆள் கை மாறணும், நம்பர் மாறக் கூடாது. ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு வர்றவங்களுக்குன்னு ரெண்டு பேர் தனியா ஒதுக்குங்க, அவங்களுக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும் வேற வேலை போடாதீங்க. இமிக்ரேஷன்ல யாராவது மாட்டிகிட்டா அங்க இருந்து வர்ற போன எடுத்துப் பேச காலேஜ்ல கையெழுத்து போட்டவரோ அவருக்குப் பதிலா ஒருத்தரோ அன்னைக்குக் கிடைக்கிற மாதிரி கேட்டு வையுங்க, உங்க பேராசிரியர்கிட்டயே கேட்கலாம்.